முழங்கால் சில்லைத் தேடிய பத்துக் கிழமைகள்

சின்ன வயதிலிருந்தே என் உடம்பு நன்றாக வளையும். குனிந்தால் உள்ளங்கை நிலத்தில் பதிந்துவிடும். அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். யோகா தொடங்கி ஒரு வருடத்தில் முழங்கால் நோக ஆரம்பித்தது. கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் சைக்கிளை உருட்டி ஏற்றுகிற நாட்களில் இன்னும் கூட.

ஒருநாள் போனைக் கதிரையில் சாய்த்து வைத்து, கால்களை அகட்டி, பக்கவாட்டில் சரிந்து ஒரு கையை நிலத்துக்குக் கொண்டுபோகிற திரிகோணாசனத்தில் நிற்பதை வீடியோ எடுத்தேன். முன்கால் நேராக இல்லை, பின்னுக்கு வில்லாக வளைந்திருந்தது. தொடைத் தசை சும்மா இருக்க, பாரம் முழுக்க மூட்டைக் கட்டிப் பிடிக்கிற நார்களில் தொங்கியது.

முழங்காலை ஒரு நூலளவு மடித்தேன். தொடையை இறுக்கினால் சில்லு, அதுதான் முழங்காலின் முன்பக்க வட்ட எலும்பு, மேலே ஏற வேண்டும். என் சில்லு அசையவே இரண்டு நாள் எடுத்தது. கை நிலத்துக்குப் போகாமல் செங்கல்லோடு நின்றுவிட்டது. மானம் போன மாதிரி இருந்தது. ஆனால் 5 மூச்சுக்குள் தொடை நடுங்கியது. அவ்வளவு நாளும் அந்த ஆசனத்தை நான் செய்யவே இல்லை!

கூடவே, சுவரில் முதுகைச் சாய்த்துக் கதிரையில் இருப்பதுபோல் நிற்பது: முதல் கிழமை 20 செக்கன், இப்போது 50. குப்புற, உடம்பைப் பலகைபோல் வைத்து முழங்கையை மடித்து இறங்குகிற சதுரங்க தண்டாசனத்தில் முழங்காலை நிலத்தில் ஊன்றி, தோள் முழங்கையின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதற்குக் கீழே போனால் முன்தோளில் சுரீர் என்கிறது. மணிக்கட்டு நோவுக்கு, உள்ளங்கையின் அடிப்பகுதிக்குக் கீழே மடித்த துவாய் வைத்து, சுட்டுவிரலின் அடியால் நிலத்தை அழுத்துகிறேன்.

அம்மாவுக்கு எல்லாம் வேடிக்கை. "களை புடுங்க வயலுக்க வா பிள்ளை, உந்த ஆசனமெல்லாம் அங்க கிடக்கு" என்கிறா.

ஐந்தாம் கிழமை உசார் வந்து தினமும் செய்தேன். சில்லுக்குக் கீழே நோ திரும்பி வந்தது. தசை கெதியாகப் பலக்கும், அதை எலும்போடு பிணைக்கிற நாருக்கு நாள் எடுக்கும். சரி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.

மாரி தொடங்கி விறாந்தை வழுக்குகிறது, அறைக்குள் பாயைக் கொண்டுவந்துவிட்டேன். நேற்று மழை விட்ட நேரம் குளக்கட்டில் சைக்கிளை ஏற்றிப் பார்த்தேன். இடக்கால் பேசவில்லை. வலக்கால் மேலே போய்ச் சேரும்போது ஒருதரம் முனகியது.