விலத்துறதுக்கு என்ன எழுதியிருக்கு?

எங்களிடம் 512 ஐ.பி. முகவரிகள், அதாவது இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்கள், இருக்கின்றன. மட்டக்களப்பில் அரசடிப் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் சேர்வர் இடம் வாடகைக்குக் கொடுக்கிற சின்னக் கம்பனி எங்களுடையது. 2019 பெப்ரவரிக்குப் பிறகு புதிதாகச் சேரும் ஒருவருக்கு, ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் பதிவகமான ஏப்னிக் கொடுக்கும் பழைய வகை (ஐ.பி.வி4) முகவரிகளின் உச்ச அளவே 512தான். அந்த முகவரிகள் எங்கள் பெயரில் இருக்கின்றன என்பதற்கான பதிவு பிரிஸ்பேனில் இருக்கிறது. இலங்கைக்கென்று தனி முகவரிப் பதிவகம் இல்லாததால் நாங்கள் நேரடியாக ஏப்னிக்கின் உறுப்பினர்.

இந்தச் சின்னச் சொத்தை வைத்துக்கொண்டு, உலக அளவில் முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகேனும் ஏப்னிக் போன்ற ஐந்து வட்டாரப் பதிவகங்களும், ஒரு பதிவகத்தைச் சேர்ப்பதற்கும் விலத்துவதற்கும் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஆவணத்துக்கு நான் ஏன் கருத்து அனுப்பப் போனேன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். பாதிப் பதில் கொழும்பில் இருக்கிறது, மற்றப் பாதி வாவிக்கு அப்பால் படுவான்கரையில்.

கொழும்புக் கதை 2016. ஏப்னிக்கின் 42ஆவது மாநாடு டாக்காவில் நடக்க இருந்து, கடைசியில் கொழும்புக்கு மாறியது. உதயதேவி ரயிலில் ஏறிப் போனேன். முகவரிகளின் தலைமைக் களஞ்சியத்தை, அதாவது ஐயானாவை, ஐகேன் அதுவரை அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ்தான் நடத்திவந்தது. அந்த ஒப்பந்தம் முடிந்தது ஒக்டோபர் 1, நாங்கள் கொழும்பில் இருக்கும்போதே. கடைசி நேரத்தில் நான்கு மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை கேட்டார்கள், கிடைக்கவில்லை. அங்கே நள்ளிரவு, நமக்குக் காலை ஒன்பதரை. நான் அப்போது தேநீருக்கு வரிசையில் நின்றேன். ஒன்றுமே நடக்கவில்லை, இணையம் வழமைபோல ஓடியது.

ஒன்றும் நடக்காமல் இருக்க எவ்வளவு பேசியிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூன்று பேர் வீதம் பதினைந்து பேர் கூடி எழுதிய திட்டம் 2015 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்டது. அதிலிருந்து பிறந்த சேவை ஒப்பந்தத்தில் ஐகேனும் ஐந்து பதிவகங்களும் 2016 ஜூன் 29 அன்று கையெழுத்திட்டன. அந்தப் பதினைந்து பேர் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஐகேன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அதை வேறொருவரிடம் கொடுக்க வழி இருக்க வேண்டும். ஐயானா என்ற பெயரும் இணைய முகவரியும் வேலை செய்பவரின் சொத்தாக இருக்கக் கூடாது. 2016இல் அந்தப் பெயர், இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பின் அறக்கட்டளையிடம் போனது. கடையை நடத்துபவர் மாறினாலும் பெயர்ப்பலகை கடையோடு இருக்கும் என்ற ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

ஆனால் பதிவகங்களுக்கே என்ன விதி? அதற்கு 2001 ஜூன் 4 அன்று ஐகேன் ஏற்றுக்கொண்ட ஐ.சி.பி.-2 என்ற ஆவணம்தான் இருந்தது. புதிய பதிவகம் ஒன்று உருவாகப் பத்து நிபந்தனைகள்: ஒரு கண்டமளவு பரப்பு, அங்குள்ளவர்களின் ஆதரவு, பக்கச்சார்பின்மை, தொழில்நுட்ப அறிவு என்று போகும். லத்தீன் அமெரிக்காவின் லாக்னிக் 2002இலும் ஆபிரிக்காவின் அஃப்ரினிக் 2005இலும் அப்படி வந்தவை. உள்ளே வந்த பிறகு ஒரு பதிவகம் தடுமாறினால் என்ன செய்வது என்று அதில் தெளிவாக ஒன்றும் இல்லை. மொரிஷியஸில் வழக்குமேல் வழக்காகி, அஃப்ரினிக்கின் வங்கிக் கணக்கு 2021இல் முடக்கப்பட்டு, பணிப்பாளர் சபை இயங்க முடியாமல் போய், 2023 செப்டெம்பரில் நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமித்தபோதுதான் இந்த ஓட்டை எல்லோருக்கும் தெரிந்தது. புதிய ஆவணம் எழுதும் வேலையும் அதற்குப் பிறகு சூடு பிடித்தது. 2024 இறுதியில் கேள்விக்கொத்து, 2025 ஏப்ரலில் முதல் வரைவு. இங்கேயும் வட்டாரத்துக்கு மூன்று பேர், மொத்தம் பதினைந்து.

வரைவை வாசித்த வாரம் படுவான்கரைக்கு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா முன்பு கோயில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகப் பொறுப்பாளராக, இருந்தவர். நம் பக்கத்துக் கோயில்களில் தாய்வழிக் குடிக்கு ஒருவர் என்று வண்ணக்கர்மார் இருப்பது தெரிந்ததுதான். அவருக்கு விளங்க வேண்டுமே என்று, ஐந்து குடி, மேலே ஒரு தலைமை, ஒரு குடி வழக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டு போனேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

“சேர்க்கிறதுக்கு எழுதி வைச்ச ஆக்கள், விலத்துறதுக்கு என்ன எழுதியிருக்காங்க மனே?”

“இப்பதான் எழுதுறாங்க மாமா.”

“சரி, விலத்தினா மறுகா திறப்பு ஆருக்கிட்ட?”

மாமாவின் கோயிலில் முன்னொரு தரம் களஞ்சியத் திறப்பை (சாவியை) வைத்திருந்தவர் கோபத்தில் கொழும்புக்கு மகளிடம் போய்விட்டார். திருவிழாவுக்கு மூன்று நாள். பூட்டை உடைத்துத்தான் குத்துவிளக்குகளை வெளியே எடுத்தார்கள். அவரை நீக்கியது செல்லுமா செல்லாதா என்ற வாக்குவாதம் அடுத்த வருஷமும் நடந்தது. விளக்கு அதற்காகக் காத்திருக்குமா?

அடுத்த இரவு உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். யார் நீக்கலை முன்மொழியலாம், இறுதி முடிவு ஐகேன் கையில் இருப்பது சரியா, நீக்கப்படும் பதிவகத்துக்கு வாக்கு உண்டா என்று உலகத்துப் பிரச்சினை முழுவதும் அதில் இருந்தது. அக்கரைப்பற்றில் சட்டத்தரணியாக இருக்கிற நண்பரிடம் காட்டினேன். பேனையோடு வாசித்துவிட்டு, “மச்சான், இதில எது உங்கட பிரச்சினை, எது நீங்க வாசிச்ச பிரச்சினை?” என்றார். முகம் சுருங்கியது. ஆனால் அவர் சொன்னது சரி. ஐந்து பக்கம் அந்த மேசையிலேயே போய்விட்டது.

மிஞ்சிய இரண்டு பக்கத்தில் அவர் இன்னொன்றைப் பிடித்தார். ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்றால் செய்தே ஆக வேண்டும், ‘ஷுட்’ என்றால் செய்தால் நல்லது. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்தேன். தமிழில் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் எனக்கு வித்தியாசமே உறைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆவணத்தில் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆட்கள் மாதக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்றார். அப்புறம் வரைவை மறுபடி வாசித்தேன், அந்த இரண்டு சொற்களை மட்டும் தேடி. முதல் தடவை வாசித்த ஆவணமே இல்லை அது.

கடைசியில் அனுப்பியது இரண்டு பந்தி. ஒரு பதிவகம் திடீரென்று நின்றால் எங்கள் ரவுட்டர்கள் அன்றே நிற்கப் போவதில்லை. முகவரிகள் எங்களுடையவை என்று உறுதிசொல்லும் ஆர்.பி.கே.ஐ. சான்றுகள் காலாவதியானால் எங்கள் பாதை ‘தவறானது’ ஆகாது, ‘தெரியாதது’ ஆகும்; பெரும்பாலான நெட்வொர்க்குகள் அதைத் தொடர்ந்து ஏற்கும். ஆனால் வேறொருவன் எங்கள் முகவரியைத் தன்னுடையது என்று அறிவித்தால் தடுக்கும் காவல் அப்போது இருக்காது. புதிய இணைப்பு வாங்கப் போனால் முகவரி யாருடையது என்று காட்டப் பதிவும் ஒழுங்காக இருக்காது. பெரிய கம்பனிகள் வக்கீல் வைத்துச் சமாளிக்கும். 512 முகவரிக்காரனுக்கு அது ஏலாது. ஆகவே, பதிவுகளின் பிரதி எப்போதும் இன்னொரு கையில் இருக்க வேண்டும், நீக்கல் பற்றிய வாக்குவாதம் முடியும்வரை காத்திராமல் அதை வைத்துச் சேவையைத் தொடர வேண்டும் என்று கேட்டேன். இரண்டு இடத்திலும் ‘ஷல்’.

இணையவழிக் கலந்துரையாடல் ஒன்றிலும் பேசினேன். இரவு பத்தரை, பிள்ளை நித்திரை, குசினியில் இருந்துதான் கதைத்தேன். இரண்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் ஒரே மூச்சில் வாசித்ததால் நடத்தியவர் மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாவது தரம் எழுதியதை வைத்துவிட்டு மாமாவின் திறப்புக் கதையைச் சொன்னேன். திரையில் இரண்டு மூன்று பேர் சிரித்தது தெரிந்தது. கேள்வி எதுவும் வரவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் இரண்டாவது வரைவு வந்தது. என் வாக்கியம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சேவை தடைப்படாமல் கைமாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பார்கள், அதில் நான் எத்தனையாவது ஆளோ. அந்த வரைவுக்கும் கருத்துக் கேட்டார்கள். இந்த முறை ஒரு பந்திதான் எழுதினேன், நண்பரிடம் காட்டவும் இல்லை. செப்டெம்பரில் அஃப்ரினிக்குக்குப் புதிய பணிப்பாளர் சபை தெரிவானது. ஜூனில் நடந்த தேர்தல் ரத்தாகி, இது இரண்டாவது முயற்சி.

போன மாதம் மாமா தொலைபேசி எடுத்தார். கோயிலில் புது நிர்வாகம், பொருட்களைப் பொறுப்பேற்கும் கடிதத்தைக் கணினியில் அடித்துத் தரட்டாம். குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு, மணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். கடைசியில், களஞ்சியத் திறப்பு இரண்டு என்றார். இரண்டாவது எங்கே இருக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதையும் எழுது, பேரைப் பிறகு போடுவம் என்றார்.