சீடை உடைத்த பல்லும் ஓர் ஆன்லேயும்

2024 ஆகஸ்டு இறுதியில், கோகுலாஷ்டமிக்கு மறுநாள் மாலை, மிச்சமிருந்த உப்புச் சீடையைக் கடித்தபோது வலப்பக்கக் கீழ்க் கடைவாயில் ‘டக்’கென்று ஓர் ஓசை கேட்டது. சீடை உடைந்த ஓசை என்றுதான் முதலில் நினைத்தேன். வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தபோது, சீடைத் துணுக்குகளுக்கு நடுவே துவரம்பருப்பில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது. வலி சிறிதும் இல்லை. ஆனால் பல்லின் நாக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு முனை போய்விட்டிருந்ததால், அங்கே உண்டான கூரிய விளிம்பு பேசும்போதெல்லாம் நாவின் ஓரத்தைக் கீறியது. நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். மறுநாள் மூன்றாம் பாடவேளை முடிவதற்குள் நாவில் புண் வந்துவிட்டது.

அந்தப் பல்லில் 2001-இல், நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளி அடைப்பு வைத்திருந்தார்கள். வெள்ளி என்று பெயர் இருந்தாலும் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதியில்தான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம் சேரும். இந்த அடைப்பு பல்லோடு ஒட்டாது. குழியின் வாயைக் குறுக்கி அடியை அகலமாகக் குடைந்து, அந்த வடிவத்தின் பிடியில்தான் அதை நிறுத்துவார்கள். சொத்தையைத் தாண்டி நல்ல பல்லையும் குடைய வேண்டியிருப்பதால் சுற்றுச்சுவர்கள் மெலிந்துவிடுகின்றன. அடைப்பு ஒட்டாததால் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதற்கும் எதுவும் இல்லை. கடிக்கிற ஒவ்வொரு முறையும் அடைப்பு ஆப்பு மாதிரி சுவர்களை வெளிப்பக்கம் நெட்டும். கீழ்க் கடைவாய்ப் பற்களில் நாக்குப் பக்கத்து முனை உடைவது அதிகம் காணப்படுவதுதான் என்பதையும் பின்னர் தெரிந்துகொண்டேன். இருபத்து மூன்று ஆண்டுகள் உழைத்த அடைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் போன மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுவிடலாம், எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரம், இன்றைக்கே தொடங்கலாம் என்றார்கள். வலியே இல்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை எதற்கு என்று கேட்டேன். “பின்னாடி வலி வரும்மா, இப்பவே பண்ணிக்கிறது நல்லது” என்பதுதான் விடை. பல் உயிரோடு இருக்கிறதா என்று அறியும் சோதனை எதையும் அவர்கள் செய்யவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பரிந்துரை எல்லோருக்கும் தவறாகிவிடாது. பல்லின் உள்ளே இருக்கும் கூழ் கெட்டுவிட்டிருந்தால் வேர் சிகிச்சையைத் தவிர வேறு வழி கிடையாது. கெட்டுவிட்டதா என்று பார்க்காமலே சொன்னதுதான் என் மனக்குறை.

உடன் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியை சொல்லி இரண்டாவதாக ஒரு மருத்துவரிடம் போனேன். வயதில் என்னைவிட மிகவும் இளையவர். அவர் முதலில் செய்தது, சின்னப் பஞ்சு உருண்டையில் குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சி அதைப் பல்லின் மேல் வைத்ததுதான். சுரீர் என்றது, பஞ்சை எடுத்ததும் மூன்று நான்கு நொடிகளில் அடங்கிவிட்டது. “இப்படி உடனே அடங்கிட்டா நல்லது டீச்சர். எடுத்த பிறகும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம்னு நின்னு வலிச்சாத்தான் நரம்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்” என்றார். அடுத்து ஒரு பிளாஸ்டிக் கட்டையை ஒவ்வொரு முனையாக வைத்துக் கடிக்கச் சொன்னார். கடிக்கும்போது வலிக்கிறதா என்பதோடு, விடும்போது வலிக்கிறதா என்றும் கேட்டார். விரிசல் ஆழமாக ஓடியிருந்தால் விடுகிற நொடியில்தான் பெரும்பாலும் சுள்ளென்று குத்துமாம். எனக்கு இரண்டும் இல்லை. எக்ஸ்ரேயில் பழைய அடைப்பின் ஓரத்தில், பக்கத்துப் பல்லை ஒட்டி, கறுப்பு நிழலாகப் புதுச் சொத்தை தெரிந்தது. அதற்கும் கூழுக்கும் இடையே போதிய அளவு டென்டின், அதாவது எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்பகுதி, இருந்தது.

அட்டையில் 46 என்று எழுதினார். என்ன கணக்கு என்று கேட்டதற்கு, 4 என்பது வலக் கீழ்த் தாடை, 6 என்பது நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல் என்றார். ஆறு வயதை ஒட்டி, பால்பற்கள் விழும் முன்பே அவற்றுக்குப் பின்னால் முளைக்கிற பல் இது. பால்பல் என்று நினைத்துப் பெற்றோர் கவனிக்காமல் விட்டுவிடுவதால்தான் பலருக்கும் முதலில் சொத்தையாவது இந்தப் பல்லே என்றும் சொன்னார். என் அம்மாவும் அப்படித்தான் விட்டிருக்க வேண்டும்.

பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பல்லை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து காட்டினார். குழி சிறியதாக இருந்தால் பல்நிறப் பிசினாகிய காம்போசிட்டை வாயிலேயே நிரப்பி ஒளியால் இறுக வைத்துவிடலாம். எனக்குக் குழி பல்லின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தது. அவ்வளவு பெரிய இடத்தை அப்படி நிரப்பினால் பிசின் இறுகும்போது சுருங்கும், முனைகளுக்கும் காவல் இருக்காது. மறுகோடியில் முழு கேப் இருக்கிறது. அதற்குப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். எனக்கு நன்றாக இருந்த கன்னப் பக்கத்துச் சுவரையும் சேர்த்துத்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் இன்லேயும் ஆன்லேயும். இரண்டையும் வெளியே ஆய்வுக்கூடத்தில் செய்து கொண்டுவந்து பல்லில் ஒட்டுவார்கள். முனைகளுக்கு உள்ளே குழியில் மட்டும் அமர்ந்தால் அது இன்லே. முனைகளில் ஒன்றையோ பலவற்றையோ மூடிக்கொண்டு அமர்ந்தால் ஆன்லே. எனக்கு நாக்குப் பக்கத்து முனைகள் இரண்டையும் மூட வேண்டியிருந்ததால் ஆன்லே. வாழ்நாளெல்லாம் பற்களோடு வாழ்ந்துவிட்டு, அடைப்புக்கும் கேப்புக்கும் இடையில் இப்படி ஒன்று உண்டு என்பதை நாற்பத்தைந்து வயதில்தான் நான் கேள்விப்பட்டேன்.

எதனால் செய்வது என்பது அடுத்த கேள்வி. தங்கம் நீண்ட காலம் உழைக்கும் என்றார் மருத்துவர். விலையைக் கேட்க நான் துணியவில்லை. லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக்கைத் தேர்ந்தெடுத்தோம். ஆன்லேக்கு 9,500 ரூபாய், எக்ஸ்ரேயும் ஆலோசனைக் கட்டணமும் தனி. எங்கள் காப்பீட்டில் விபத்தால் வந்தாலொழியப் பல் சிகிச்சை சேராது என்பதால் எல்லாமே கைப்பணம்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை பல்லைச் சீர்செய்யும் வேலை நடந்தது. ஊசி போடுவதற்கு முன்பே, என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்களை என் பல்லருகே பிடித்து நிறம் பார்த்தார்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும், அப்போது நிறம் எடுத்தால் தவறாகிவிடும் என்பது காரணம். ஏ3 என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு தாடையின் பின்பக்கம் ஊசி போட்டதும் வலப்பக்க உதடும் நாவின் பாதியும் மரத்துப்போயின. பழைய வெள்ளியை நீர் பீய்ச்சியபடியே துண்டு துண்டாக வெட்டி, பக்கத்தில் உறிஞ்சு குழாய் வைத்து எடுத்தார்கள். அடியில் இருந்த பழுப்பான மெத்தென்ற சொத்தையைச் சுரண்டி எடுத்ததும், திறந்துகிடந்த டென்டின் மீது அன்றைக்கே ஒட்டுப்பிசினைப் பூசி இறுக வைத்தார்கள். ஆன்லே வரும் வரை கூச்சத்தைக் குறைக்கவும், ஒட்டும் நாளில் பிடிப்பு கூடவும் அது உதவுமாம். வெள்ளிக்காக 2001-இல் அடியை அகலமாகக் குடைந்திருந்த பள்ளங்களைக் காம்போசிட்டால் நிரப்பிச் சமன் செய்தார்கள். வெளியே செய்த பொருள் மேலிருந்து நேராக இறங்கி உட்கார வேண்டும் என்பதால், இப்போது குழி நேர்மாறாக, அடியில் குறுகியும் வாயில் விரிந்தும் இருக்க வேண்டும். மெலிந்திருந்த முனைகளைச் செராமிக்கின் தடிமனுக்கு இடம் விட்டு ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் தாழ்த்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று. வலி இல்லை, திறந்தே வைத்திருந்த தாடைதான் நொந்தது.

அளவெடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். இரண்டு நிறச் சிலிக்கான் மாவை உதவியாளர் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசையத் தொடங்குமுன், போட்டிருந்த ரப்பர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நீல நிறத்தில் வேறு கையுறை போட்டுக்கொண்டார். பின்னர் கேட்டதற்கு, ரப்பர் கையுறையில் இருக்கும் கந்தகம் பட்டால் அந்த மாவு சரியாக இறுகாது என்றார். இப்போது பல இடங்களில் சிறு கேமரா போன்ற கருவியை வாய்க்குள் ஓட்டியே அளவெடுத்துவிடுகிறார்கள். நாற்காலிக்குப் பக்கத்திலேயே இயந்திரம் செராமிக் கட்டியைக் குடைந்து அன்றைக்கே கொடுக்கும் முறையை 1985-இலேயே ஜூரிக் பல்கலைக்கழகத்தில் நோயாளிக்குச் செய்து காட்டிவிட்டார்கள். எனக்கு வாய்த்தது மாவும் பத்து நாள் காத்திருப்பும்.

தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பினார்கள். ஒட்டுகிற பண்டம் வேண்டாம் என்று எச்சரித்திருந்தார்கள். ஆறாம் நாள் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்தில், இலையில் வைத்த கோதுமை அல்வாவை இடப்பக்கம்தானே மெல்கிறோம் என்று வாயில் போட்டேன். அல்வாவுக்கு இடம் வலம் தெரியவில்லை. அடைப்பு அதோடு வந்துவிட்டது. மறுநாள் காலை போய்ப் பத்து நிமிடத்தில் மறுபடி வைத்துக்கொண்டேன். இதை அப்படியே விட்டுவிடக் கூடாது. இடம் காலியாகக் கிடந்தால் பக்கத்துப் பல்லும் எதிர்ப்பல்லும் நகரத் தொடங்கும், பிறகு ஆன்லே உட்காராது என்றார் மருத்துவர். அன்றுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த படத்தையும் காட்டினார். என் பல்லின் பாதி, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. குடையும்போது அந்தச் செராமிக் முழு வலிமை அடையாமல் ஊதா நிறமாகத்தான் இருக்குமாம். 850 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சூளையில் வைத்த பிறகே பல்நிறமும் உறுதியும் வரும்.

ஒட்டுகிற நாள்தான் முக்கியமான நாள் என்பேன். ஆன்லேயை வைத்துப் பொருத்தம் பார்த்தார்கள், பக்கத்துப் பல்லோடு உரசும் இறுக்கத்தைப் பல்லிடை நூலால் சோதித்தார்கள், ஆனால் கடிக்க மட்டும் விடவில்லை. ஒட்டுவதற்கு முன் கடித்தால் செராமிக் உடைந்துவிடும். பல்லோடு ஒன்றான பிறகுதான் அதற்கு உரம் வரும். பிறகு பல்லைச் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, மெல்லிய ரப்பர் திரையை இழுத்துக் கட்டினார்கள். மூக்கால் மட்டும் மூச்சுவிட வேண்டியிருந்ததால் எனக்கு முதல் சில நிமிடங்கள் திணறலாக இருந்தது. எச்சிலோ மூச்சுக்காற்றின் ஈரமோ பட்டால் ஒட்டுப்பிடிப்பு கெட்டுவிடும் என்பதால் அதில் விட்டுக்கொடுக்க முடியாது என்றார் மருத்துவர். ஆன்லேயின் உள்பக்கத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை இருபது நொடி வைத்துக் கழுவினார்கள். அது வாய்க்கு வெளியே, தனி மேசையில் நடந்தது. பல்லின் எனாமலில் நீல நிறப் பாஸ்பாரிக் அமிலப் பசையைத் தடவி, கழுவி உலர்த்தினார்கள். உலர்ந்த எனாமல் சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கலாக வெளுத்திருப்பதைக் கைக்கண்ணாடியில் காட்டினார்கள். அமிலத்தால் எனாமலில் நுண்துளைகளை உண்டாக்கிப் பிசினை அவற்றுக்குள் இறக்கும் இந்த உத்தியை 1955-இல் வெளியிட்டவர் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கர். பல்லைக் குடைந்து பிடிப்பு உண்டாக்கும் தேவை குறைந்தது அதன் பிறகுதான். பிசின் சிமெண்டோடு ஆன்லேயை அமர்த்தி, வழிந்ததை நூலாலும் தூரிகையாலும் எடுத்துவிட்டு, பக்கத்துக்கு இருபது நொடி வீதம் நீல ஒளி பாய்ச்சினார்கள்.

திரையை எடுத்த பிறகு நிறத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். அழுத்தமாகப் பதிந்த புள்ளிகளைத் தேய்த்து மெருகிட்டார்கள். அன்றும் போட்ட ஊசியால் உதடும் நாவும் மரத்திருந்ததால், சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். அது என் தவறு. மரப்பு விலகிய பிறகு, வலப்பக்கம் எப்போதும் ஓர் அரிசி சிக்கியிருப்பதுபோல் அந்தப் பல் முதலில் இடித்தது. நாளடைவில் தேய்ந்து சரியாகிவிடும் என்று இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் கடித்தாலே வலித்தது. போனதும் ஊசி இல்லாமலே தாளை வைத்துப் பார்த்து, ஒரே ஒரு புள்ளியைத் தேய்த்தார்கள். இரண்டு நிமிட வேலை. அன்றிரவே வலி குறைந்தது. செராமிக் தானாகத் தேயாது, எதிர்ப்பல்லைத்தான் தேய்க்கும் என்று அன்று மருத்துவர் சொன்னதை வீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குளிர்ந்த நீருக்குக் கூச்சம் மட்டும் மேலும் இரண்டு வாரம் இருந்து பிறகு நின்றது.

ஆன்லேயும் பல்லும் சேரும் கோட்டில் மறுபடி சொத்தை வரலாம் என்பதால் இரவில் நூல் இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் ஓரங்கள் இறுக்கமாகவே இருந்தன. மேலே இடப்பக்கக் கடைவாயில் அதே 2001-ஆம் ஆண்டு வெள்ளி அடைப்பு இன்னொன்று இருக்கிறது. அதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். குச்சியால் ஓரங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “சின்ன அடைப்பு, விரிசல் இல்லை, கசிவும் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும் டீச்சர், வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்துக்கலாம்” என்று கையுறையைக் கழற்றினார்.