கிட்னி மாற்றியவர் இன்னொரு கிட்னி மாற்றியவருக்குச் சொல்ல வேண்டியவை

டிரான்ஸ்பிளான்ட் முடிந்து வீடு திரும்பியவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி, டாக்டரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகள். "அண்ணா, காலை மாத்திரையை மறந்துட்டேன், ராத்திரி ரெண்டு மடங்கா போட்டுக்கவா?" நானும் அதே மாத்திரைகளை விழுங்குகிறவன் என்பதால் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு: மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லலாம், எவ்வளவு சாப்பிடுவது என்று சொல்லவே கூடாது. "எனக்கு 1 மில்லிகிராம்தான், உங்களுக்கு ஏன் 2?" என்று பேச்சுவாக்கில் கேட்டாலே போதும், சிலர் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள்.

அதிகம் குழம்புவது டாக்ரோலிமஸ் லெவல் பார்க்கும் நாளில், அதாவது உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் தடுக்கும் இந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில். இரண்டு வேளை போடுபவர்களுக்கு முந்தைய இரவு மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டவர் காலை 9 மணிக்கு லேபில் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் லெவல் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால், தேவையான அளவு மருந்து இல்லாமல், உடம்பே புதுக் கிட்னியைத் தாக்கும் நிராகரிப்பு வரலாம். அப்படிப் போட்டுவிட்டால் மறைக்காமல் லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிட்டு, இன்னொரு நாள் ரத்தம் கொடுப்பதே நல்லது. நேர்மாறான தவறும் நடக்கிறது. ரத்தம் கொடுத்த பிறகும், டாக்டரைப் பார்க்கும்வரை மாத்திரை போடாமல் மதியம்வரை உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்வது இதுதான்: மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துப் போங்கள், தண்ணீர் பாட்டிலும் இருக்கட்டும், ஊதா மூடிக் குழாயில் ரத்தம் நிரம்பி, கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தவுடன் அங்கேயே விழுங்கிவிடுங்கள். பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது, அதனால் இரண்டு இட்லியும் கூட வரட்டும்.

ஒரு வேளை மறந்துபோனால், சில மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். எதுவானாலும் இரட்டை டோஸ் கூடாது. உங்கள் மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரிடம் இந்த விதியை முன்கூட்டியே கேட்டு மாத்திரை டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள், மறந்த பதற்றத்தில் யோசிக்க ஓடாது. வாந்தி எடுத்தாலும் அந்த ஒருங்கிணைப்பாளருக்குத்தான் போன்.

மருந்துக்கடையில் "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். டாக்ரோலிமஸில் கம்பெனி மாறினால் ரத்தத்தில் லெவலும் மாறலாம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், மறுபடி லெவல் பார்க்க வேண்டும். தினம் ஒரு வேளை போடும் வகையும் இரண்டு வேளை போடும் வகையும் பெயரளவில் ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்கு மற்றொன்றைப் போட முடியாது. அரசு மருத்துவமனையில் மாதாமாதம் வாங்குபவர்கள் பையைத் திறந்து பழைய அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கவுன்டரை விட்டு நகருங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்பே கைவசம் பத்து நாள் மாத்திரை உபரியாக இருக்க வேண்டும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போவது எல்லோரும் செய்வதுதான். அங்கே உட்கார்ந்தவுடன் "கிட்னி மாத்தியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னியை நேரடியாகவே பாதிக்கும். கிளாரித்ரோமைசினும் பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலும் டாக்ரோலிமஸ் லெவலை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதைத் தரைமட்டமாக்கும். வயிற்றுப்போக்கு வந்தாலும் லெவல் ஏறும், அதை வெறும் மோர் சமாச்சாரமாக நினைக்க வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

கஷாயம் பற்றிச் சொந்தக்காரர்கள்தான் அதிகம் வற்புறுத்துவார்கள். கபசுரக் குடிநீரில் சீந்தில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்றுதான் அதைக் கொடுக்கிறார்கள். நாமோ அந்தச் சக்தி புதுக் கிட்னியைத் தாக்காமலிருக்கத்தான் வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிடுகிறோம். இதை இப்படியே அத்தையிடமும் மாமாவிடமும் விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். பம்பளிமாஸும் வேண்டாம், அது லெவலை ஏற்றும்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான க்ரியாட்டினினை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதை நிறுத்தினால் பாதி பயம் போய்விடும். ஒருவருக்கு 1.4 என்று நிலையாக நிற்பது நல்ல செய்தி. இன்னொருவருக்கு 0.9-லிருந்து 1.3-க்கு ஏறினால் அன்றே போன் செய்ய வேண்டும். நிராகரிப்பு பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இல்லாமல் தொடங்கும், ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். தினமும் காலையில் எடை, பிரஷர், உடல் சூடு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை திடீரென்று ஏறுவது, கால் வீங்குவது, சிறுநீர் குறைவது, அடிவயிற்றில் புதுக் கிட்னி இருக்கும் பக்கம் வலிப்பது, எல்லாமே போன் செய்ய வேண்டிய விஷயங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையில் மட்டும் பிரஷர் பார்க்க வேண்டாம்.

சிறுநீர்க் குழாயில் தற்காலிகமாக வைத்த டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். மறந்து உள்ளேயே தங்கினால் தொற்று வரும், அதன்மேல் கல் படியும்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து நாளையும் கவனியுங்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி, சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளிவரும். குழந்தைக்குப் போலியோ தடுப்பு மருந்தை விட்டுவிடக் கூடாது, ஆனால் சொட்டுக்குப் பதில் ஊசியாகப் போடலாமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சொட்டுதான் போட்டார்களென்றால், டயப்பர் மாற்றும் வேலையை அந்த நாட்களில் வேறொருவர் பார்க்கட்டும்.

கிட்னி கொடுத்தவரை வீடே மறந்துவிடுகிறது. கொடுத்தது அம்மாவாகவோ மனைவியாகவோ இருந்தால் இன்னும் மோசம், மறுமாதமே அடுப்படிக்குத் திரும்பியிருப்பார். போன் பேசும்போது அவரையும் கேளுங்கள்: வருடம் ஒருமுறை பிரஷர், க்ரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்தாயிற்றா?

கிட்னி ஓய்ந்து மறுபடி டயாலிசிஸுக்குப் போனவர்கள் நம்மிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களை நாமே கூப்பிட வேண்டும், ஆறுதலுக்காக மட்டுமில்லை. "இனி எதுக்கு" என்று மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் ஓய்ந்த அந்தக் கிட்னிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி கூடி, அடுத்த டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பொருந்தும் கிட்னி கிடைப்பது கடினமாகும். பிரட்னிசோலோனைத் திடீரென்று விட்டால் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. எதை எந்த வேகத்தில் குறைப்பது என்று நெப்ராலஜி டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால் அன்று கூடவே போங்கள்.