தேயிலைக் கப்பலில் வேறென்ன வந்தது?

உயர்தர வகுப்பில் எங்களுக்கு அமெரிக்கப் புரட்சி படிப்பித்த சேர், பிரித்தானிய வரியை எதிர்த்துப் பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரிச் சொல்லுவார். 1773 டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல், சுமார் 340 பெட்டி. "எவ்வளவு தேத்தண்ணி வீணாப்போச்சு" என்று கடைசி வாங்கில் முனகுவோம். (அது சீனத் தேயிலை. எங்கள் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் வர இன்னும் ஏறக்குறைய நூறு வருடம் கிடந்தது.) ஒருநாள் என்ன துணிச்சலோ, நான் எழும்பி, "அந்தக் கப்பலிலை தேயிலையைத் தவிர வேறை ஒண்டும் வரேல்லையோ சேர்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியாது. நீரே தேடிப் பாத்து வந்து சொல்லும்."

தேட முப்பது வருடம் எடுத்தது. பொஸ்டன் பக்கம் குடியேறி வெகுகாலத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் சும்மா புரட்டிய புத்தகத்தில் பதில் இருந்தது. அந்த மூன்று கப்பல்களில் முதலில் வந்த டார்ட்மவுத்தில் ஒரு கவிதைப் புத்தகத்தின் பிரதிகளும் வந்திருக்கின்றன. எழுதியவர் பிலிஸ் வீட்லி. ஏழெட்டு வயதில் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு, 1761இல் பொஸ்டனில் விற்கப்பட்ட பிள்ளை. கொண்டுவந்த அடிமைக் கப்பலின் பெயர் பிலிஸ். அதையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள்.

புத்தகத்தின் முகப்புப் படத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். மேசையில் தாள், கையில் இறகுப் பேனா, மற்றக் கை கன்னத்தில். படத்தைச் சுற்றி வளையமாக, பொஸ்டன் ஜோன் வீட்லியின் நீக்ரோ வேலைக்காரி என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே, இவற்றை எழுதியது இவள்தான் என்று 18 கனவான்கள் கொடுத்த சாட்சி. அதில் ஆளுநர் ஹச்சின்சனும் இருக்கிறார், ஜோன் ஹான்கொக்கும் இருக்கிறார். கொஞ்ச நாளில் ஒருவர் அரசர் பக்கம், மற்றவர் புரட்சிப் பக்கம்; ஒன்றாகக் கையெழுத்து வைத்தது இந்தப் பிள்ளைக்காக. 1772இல் பொஸ்டனிலேயே அச்சடிக்கப் பார்த்தார்கள். முன்பணம் கட்ட ஆள் சேரவில்லை. லண்டன்தான் அச்சடித்தது.

தேயிலையை இறக்கவிடாமல் ஊர் மறித்து நின்றாலும் மற்றச் சாமான்களை இறக்க விட்டார்கள். புத்தகம் தப்பியது அப்படித்தான். அந்த நாட்களில் பிலிஸுக்கு விடுதலையும் கிடைத்திருந்தது. இனி விற்பனையில் வரும் பாதிக் காசுதான் சீவனம். நியூ ஹேவன் அச்சகக்காரர் களவாக அச்சடித்தால் தனக்கு நட்டம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். கவிதைகளைவிட எனக்கு அந்தக் கடிதம் பிடிக்கும்.

சரி, கவிதைகள் எப்படி? அந்தக்கால ஆங்கிலப் பாணி, கிரேக்கத் தேவதைகள் நிறைய. ஆனால் குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த டார்ட்மவுத் பிரபுவுக்கு எழுதியதில் ஒரு இடம் வரும். எனக்கு ஏன் சுதந்திரத்தில் இவ்வளவு ஆசை என்று கேட்கிறீர்களா, என்னைப் பறிகொடுத்த என் தகப்பனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள் என்கிறார். வரி போடுவதே அடிமைத்தனம், அடிமைத்தனம் என்று கத்திக்கொண்டிருந்த ஊரில் இருந்து எழுதியது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் பிற்பாடு இவரின் எழுத்து விமர்சிக்கக்கூடத் தகுதியற்றது என்று எழுதினார். அவரிடம் இருந்த அடிமைகளின் தொகை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

1775இல் ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு ஒரு கவிதை அனுப்பினார். பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டு அவர் பதில் போட்டார், பொஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற கேம்பிரிட்ஜுக்கு வந்தால் சந்திக்கலாம் என்றும் எழுதினார். பிறகு யுத்தம் நீண்டது. 1779இல் இரண்டாவது புத்தகத்துக்குப் பத்திரிகையில் விளம்பரம்: 33 கவிதை, 13 கடிதம். யார் வாங்குவார்கள்? காசுக்கு மதிப்பில்லை, முன்பு ஆதரித்த லண்டன் இப்போது எதிரி நாடு. 1784 டிசம்பரில், முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதில், வறுமையில் செத்துப்போனார். கையெழுத்துப் பிரதியை இரவல் கொண்டுபோனவர் தயவுசெய்து திருப்பித் தரவும் என்று கணவர் அடுத்த வருடம் விளம்பரம் போட்டார். இன்றுவரை அது கிடைக்கவில்லை. முதல் புத்தகம் அமெரிக்காவில் அச்சானதே 1786இல்.

சேர் இப்போது ஸ்காபரோவில் மகளோடு இருக்கிறார். போன தைப்பொங்கலுக்கு எடுத்து, "சேர், அந்தக் கப்பலிலை புத்தகம் வந்திருக்கு" என்றேன். எந்தக் கப்பல் என்று அவர் கேட்கவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"துலைஞ்ச புத்தகத்திலை எத்தினை கவிதை எண்டனீர்?"

"முப்பத்திமூண்டு சேர்."

"பொறும், கண்ணாடியை எடுத்து எழுதிவைக்கிறன்."