9-ஆ, 10.5-ஆ, 12-ஆ: உங்கள் டிரைவருக்கு எத்தனை டிகிரி?

சென்னையில் வாரக்கடைசியில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்களின் டிரைவருக்கு, அதாவது தூரமாக அடிக்கும் முதல் அடிக்கான பெரிய க்ளப்புக்கு, லாஃப்ட் பத்தாது. லாஃப்ட் என்பது பந்தைத் தொடும் க்ளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். இதை அழுத்தியே சொல்கிறேன். நந்தனம் ரேஞ்சில், அந்தப் பயிற்சித் திடலில், ஒரு சாயங்காலம் சும்மா நின்று பாருங்கள், தென்னை உயரம்கூட எழாமல் சீறிக்கொண்டு போய் சீக்கிரமே தரையைத் தொடும் பந்துகள் எத்தனை என்று தெரியும். அடிக்கிறவரிடம் பலம் இருக்கிறது, டைமிங்கும் மோசமில்லை, ஆனால் க்ளப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 9 என்று போட்டிருக்கும்.

இந்த 9 டிவியிலிருந்து வந்தது. பெரிய புரோக்கள் 9 வைத்து ஆடுகிறார்கள், நாமும் வாங்குகிறோம். ஆனால் அவர்கள் கையில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பந்தின் பறப்பை அளக்கும் கருவிகள் செய்யும் டிராக்மேன் நிறுவனம் பல வருடங்களாக வெளியிட்டுவரும் சராசரிகளில், அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆண்களின் க்ளப் வேகம் மணிக்கு 113-லிருந்து 115 மைல் அளவில் இருக்கிறது, பந்து கிளம்பும் கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் ஆடுகிறவர்களுக்கு வேகம் 94-லிருந்து 96 மைல், கிளம்பும் கோணம் ஏறத்தாழ 13 டிகிரி, காற்றிலேயே பந்து கிட்டத்தட்ட 220 யார்டு போகிறது. நம் ஊர் மைதானங்களில் ஆடும் ஆண்களில் நிறைய பேர் 85-லிருந்து 95 மைலுக்குள் இருப்பவர்கள். அப்படியென்றால் நாம் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது யாருடைய எண்களை? வேகம் குறைந்தால் பந்து இன்னும் உயரமாகக் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் நிற்க நேரம் கிடைக்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் வேகத்தை மட்டும் வைத்து லாஃப்டை முடிவு செய்வதும் பாதி வேலைதான். பல அட்டவணைகள் இந்த வேகத்துக்கு இந்த லாஃப்ட் என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. ஒரே வேகத்தில் அடிக்கும் இரண்டு பேருக்கு 2 டிகிரி வித்தியாசமாக லாஃப்ட் தேவைப்படலாம், ஏனென்றால் க்ளப் பந்தைத் தொடும்போது ஒருவருக்குக் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும், இன்னொருவருக்கு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். எல்பிஜிஏ பெண்கள் சராசரியாக ஏறத்தாழ 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள், அவர்களுடைய தூரத்தின் ரகசியத்தில் பாதி அதுதான். நம் ஆட்களில் பலர், அயர்னில் (குட்டையான இரும்பு க்ளப்களில்) பழகிய பழக்கத்தில், டிரைவரையும் இறக்கி அடிக்கிறார்கள். இறக்கி அடித்தால் பந்து தாழக் கிளம்பும், அதோடு க்ளப் போகும் திசைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் இடையே இடைவெளி கூடுவதால் ஸ்பின்னும் (பந்தின் பின்சுழற்சியும்) ஏறும். தாழக் கிளம்பி, நிறைய சுழன்று, போகப்போக மேலே தூக்கி, அப்படியே செத்து விழும் பந்து. அதே வேகத்தில் ஏற்றி அடிப்பவருக்கும் இவருக்கும் காற்றில் 20 யார்டு வித்தியாசம் சர்வ சாதாரணமாக வரும்.

அதனால் இறக்கி அடிப்பவர் நேராகக் கடைக்குப் போய் 12 வாங்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கிளம்பும் கோணம் கூடும், சரி, ஆனால் ஸ்பின்னும் கூடவே கூடும். முதலில் டீயை (பந்தை வைக்கும் சிறு குச்சியை) உயர்த்துங்கள், பந்தில் பாதியாவது க்ளப்பின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள், வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். இடது கை ஆட்டக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் படிந்த பிறகு லாஃப்டைப் பற்றிப் பேசினால் காசு வீணாகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? லான்ச் மானிட்டர் (பந்தின் வேகம், கோணம், ஸ்பின் அளக்கும் கருவி) இருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் நல்லது, ஆனால் உங்கள் பந்துகளையே கொண்டு போங்கள். ரேஞ்ச் பந்துகள் தேய்ந்தவை, பல இடங்களில் குறைவாகப் பறக்கும்படியே செய்யப்பட்டவை, அவற்றை வைத்து வரும் எண்களை நம்பி க்ளப் வாங்கக் கூடாது. மானிட்டர் கிடைக்கவில்லையென்றால் ஒரு ஒயிட்போர்டு மார்க்கர் போதும். பந்தின் பின்பக்கம், க்ளப் படப்போகும் இடத்தில், பெரிய கறுப்புப் புள்ளி வைத்து அடியுங்கள். க்ளப் முகத்தில் மை ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்தது. நாலைந்து பந்துக்குள்ளேயே பழக்கம் எங்கே என்று பிடிபட்டுவிடும். மை முகத்தின் நடுவுக்குக் கீழே விழுந்துகொண்டே இருந்தால், பந்து தாழ்வதற்குக் காரணம் லாஃப்ட் இல்லை. டிரைவரின் முகம் மேலிருந்து கீழாக லேசாக வளைந்திருக்கும், மேல்பகுதியில் லாஃப்ட் அதிகம், கீழ்ப்பகுதியில் குறைவு. கீழே பட்டால் தாழக் கிளம்பி ஸ்பின் ஏறும், நடுவுக்குச் சற்று மேலே பட்டால் உயரக் கிளம்பி ஸ்பின் குறையும். மை நடுவிலோ சற்று மேலோ விழுந்தும் பந்து எழவில்லையென்றால்தான் குற்றவாளி லாஃப்ட். இதெல்லாம் பயிற்சியில் மட்டும், ஆட்டத்தின் நடுவே முகத்தில் எதையும் பூச விதி இடம் கொடுக்காது.

எங்கள் குழுவில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் சார். இந்த மை சோதனையில் அவருக்கு ஒவ்வொரு முறையும் நடுவில்தான் விழுந்தது, அவ்வளவு சுத்தமான ஸ்விங், ஆனாலும் அவருடைய 9-ல் பந்து எழவில்லை. "சார், என்னோட 12-ஐ ஒரு தடவை அடிச்சுப் பாருங்க" என்றேன். "12-ஆ? அது வயசானவங்களுக்குப்பா" என்றார், அவருக்கு எழுபதை நெருங்குகிறது. கேடிதான் (பை தூக்கி வரும் உதவியாளர்) உறையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "அடிங்க சார், நான் பார்த்துக்கிறேன்." அன்றைக்குப் பந்து ஃபேர்வே (புல் சீராக வெட்டிய ஆட்டப் பாதை) நடுவில் இருக்கும் பங்கரை, அந்த மணல் குழியை, காற்றிலேயே தாண்டியது. அந்த பங்கருக்கு முன்னால் நின்றுவிடுவதுதான் அவருடைய வழக்கம்.

அவர் 9 டிகிரியை அத்தனை காலம் விடாமல் வைத்திருந்ததற்கு நம் ஊர் வெயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மார்ச்சிலிருந்து தரை காய்ந்து கல்லாகிவிடுகிறது. தாழப் போகும் பந்து விழுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே மே மாதத்தில் டிரைவர் வாங்குகிறவருக்குக் குறைந்த லாஃப்ட் பிரமாதமாகத் தெரியும். அக்டோபரில் மழை தொடங்கட்டும், அதே பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், அப்போது காற்றில் போன தூரம்தான் தூரம். டிரைவரைச் சோதிக்க நல்ல காலம் எது என்று கேட்டால் மழை விட்ட டிசம்பர் காலை என்பேன். ஓடிய தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விழுந்த இடத்தை மட்டும் பாருங்கள்.

அப்புறம் கடல்காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து காற்று ஏறும்போது எதிர்காற்றுக்குக் குறைந்த லாஃப்ட்தானே நல்லது என்பார்கள். அப்படியில்லை, எதிர்காற்றில் பந்தை அளவுக்கு மீறித் தூக்குவது பெரும்பாலும் ஸ்பின். டீயைத் தாழ்த்தி ஓங்கி இறக்கினால் ஸ்பின் இன்னும் கூடி பந்து மேலே ஏறி நின்றுவிடும். அதே க்ளப்பை நிதானமாக ஆடுங்கள், அது போதும்.

ஸ்லைஸ் அடிப்பவர்கள், அதாவது வலது கைக்காரர்களில் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவர்கள், இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முகம் எவ்வளவு திறந்திருக்கிறதோ அது அப்படியே இருந்தாலும், லாஃப்ட் குறைவாக இருந்தால் பந்து அதிகமாகச் சாய்ந்து சுழலும், வளைவு கூடும். லாஃப்ட் அதிகமிருந்தால் பின்சுழற்சியின் பங்கு கூடி வளைவு அடங்கும். 9-ல் மரங்களுக்குள் போகும் பந்து 12-ல் ஃபேர்வே ஓரத்திலாவது கிடக்கும். 105 மைலுக்கு மேல் வேகம் இருந்து, ஏற்றி அடித்து, நேராகவும் அடிக்கிறவர்கள் மட்டும் 9-ஐத் தொடட்டும். அவர்களுக்கு 12 கொடுத்தால் பந்து வானத்துக்குப் போய் யார்டு குறையும்.

இப்போது வரும் டிரைவர்களில் ஷாஃப்ட் (தண்டு) சேரும் இடத்தில் ஸ்லீவ் என்று திருப்பக்கூடிய ஒரு வளையம் இருக்கிறது, ரெஞ்ச்சால் திருப்பி லாஃப்டை மாற்றலாம். கூட்டும்போது முகம் லேசாக மூடிக்கொள்ளும், குறைக்கும்போது திறந்துகொள்ளும். ஸ்லைஸ்காரருக்குக் கூட்டுவது இரட்டை லாபம், ஹூக் (இடப்பக்க வளைவு) அடிப்பவர் யோசித்துச் செய்ய வேண்டும். கிளிக் சத்தம் வரும்வரை முறுக்குங்கள், ரவுண்டு தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள், அதுவும் விதிமீறல். அடியில் அச்சிட்ட எண்ணும் உண்மையான லாஃப்டும் ஒரு டிகிரி வரை வேறுபடலாம் என்பதால், செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காமல் பத்து பந்தாவது அடித்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு ஹெட்டுக்கு (க்ளப்பின் தலைப்பகுதிக்கு) நடுவே மனசு ஊசலாடினால் பெரிய எண்ணை எடுங்கள். பெரும்பாலான ஸ்லீவ்கள் ஒன்றரை, இரண்டு டிகிரிக்கு மேல் போகாது. 10.5-ஐத் தேவைப்பட்டால் 9 பக்கம் இறக்கிக்கொள்ளலாம், 9-ஐ 12 ஆக்க முடியாது.