இரண்டு ஆறாம் மாதங்கள்: குவாங்சோ நாட்குறிப்பு

ஜூலை 22, 2025

இன்று ‘பெருவெப்பம்’. சூரியனின் ஓராண்டுப் பயணத்தைச் சீனர்கள் 24 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 நாள். அதில் இது ஒன்று. பேருக்கு ஏற்ற வெயில்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறையில் தினசரி கிழிக்கும் காலண்டர் தொங்குகிறது. ஆங்கிலத் தேதிக்குக் கீழே சிறிதாகச் சீனச் சந்திரத் தேதி: ஆறாம் மாதம், 28. இன்று என்னென்ன செய்யலாம், எதெது ஆகாது என்ற குறிப்பும் உண்டு. சிவகாசி காலண்டரோடு வளர்ந்த எனக்கு இதில் எதுவுமே அந்நியமாகத் தெரியவில்லை.

ஜூலை 25

மறுபடியும் ஆறாம் மாதம் முதல் தேதி! பழைய ஆறாம் மாதம் நேற்று முடிந்தது. அமாவாசை நிகழும் நாள் எதுவோ அதுவே இங்கே முதல் தேதி. இன்று அதிகாலை 3.11க்கு அமாவாசை.

பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான் தேறும். வருஷத்துக்கு 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் சீனப் புத்தாண்டான வசந்த விழா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கோடையில் வந்து நிற்கும். அதனால் 19 ஆண்டுகளுக்கு 7 மாதம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எந்த மாதத்தைச் சேர்ப்பது? 24 பருவங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பன்னிரண்டு முக்கியப் பருவங்கள் உண்டு. அவற்றில் எதுவும் விழாத மாதம்தான் மிகை மாதம். நம் பஞ்சாங்கத்தில் சங்கராந்தி இல்லாத சந்திர மாதத்தை அதிக மாதம் என்கிறோமே, அதே விதி. நாம் நட்சத்திரங்களை வைத்துச் சூரியனை அளக்கிறோம்; இவர்கள் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் சம இரவுப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள். அதனால் இரண்டும் ஒன்றாக விழுவதில்லை. 2023இல் இவர்களுக்கு இரண்டாம் மாதம் இரட்டித்தது. நம் அதிக மாதம் ஜூலையில்தான் தொடங்கியது.

ஆகஸ்ட் 1

உடன் வேலை பார்ப்பவரின் மகன் 2017இல், இதே மிகை ஆறாம் மாதத்தில் பிறந்தவன். அவன் பிறந்த மாதம் இப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. அடுத்தது 2036. வீட்டில் இரண்டு நாளாகக் கொண்டாட்டமாம். மிகை மாதத்தில் பெண்கள் பெற்றோருக்குச் செருப்பு வாங்கித் தரும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு.

ஆகஸ்ட் 23

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். ‘வெப்பம் விலகல்’ என்ற முக்கியப் பருவம் இன்று அதிகாலை 4.34க்குப் பிறந்தது. அமாவாசை பிற்பகல் 2.06க்கு. மணிக்கணக்கில் பார்த்தால் பருவம்தான் முந்திக்கொண்டது. ஆனால் கணக்கு தேதியை வைத்துத்தான். இரண்டும் ஒரே நாளில் விழுந்ததால் இன்று முழுவதும் ஏழாம் மாதம் முதல் தேதி, பருவமும் அதற்கே சொந்தம். நேற்று முடிந்த மாதம் வெறுங்கையோடு போயிற்று, ஆகவே அது மிகை. பெய்ஜிங் நேரப்படி நள்ளிரவுக் கோடு ஒன்று பல கோடிப் பேரின் பண்டிகைத் தேதிகளை முடிவு செய்துவிடுகிறது. இந்த நுட்பத்தை நினைக்க நினைக்க எனக்குத் தீரவில்லை.

ஆகஸ்ட் 29

ஏழாம் மாதம் ஏழாம் நாள். பிரிக்கப்பட்ட கணவன் மனைவியான மாட்டிடையனும் நெசவுக்காரியும் சந்திக்கும் நாள் என்பது சீனக் கதை. நெசவுக்காரி வானில் அபிஜித் நட்சத்திரம். மாட்டிடையன் நம் திருவோணம். நடுவில் ஆகாய கங்கை. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் பறவைகள் பாலம் கட்டிச் சேர்த்துவைக்கும். நாம் திருவோணத்தில் பார்க்கும் மூன்று விண்மீன்களில் நடுவில் இருப்பது இடையன். இரு பக்கமும் காவடிக் கூடைகளில் அவன் பிள்ளைகள். கடைகள் இதைக் காதலர் தினமாக்கி ரோஜா விற்கின்றன, எனக்கு அது பிடிக்கவில்லை. தியென்ஹே பகுதியின் ஜூசுன் ஊரில் பெண்கள் எள், அரிசி, பட்டு, காகிதத்தால் செய்த கைவேலைகளை மேசைகளில் பரப்பி நெசவுக்காரியும் அவள் உடன்பிறந்தவர்களுமான ஏழு சகோதரிகளுக்குப் படைக்கிறார்கள். கைத்திறன் வேண்டிக் கும்பிடும் அதுதான் பண்டிகை.

அக்டோபர் 6

எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், நடு இலையுதிர் விழா. சென்ற ஆண்டு செப்டம்பர் 17க்கே வந்தது. மிகை மாதம் இதை இவ்வளவு தள்ளிவிட்டது. தேசிய நாளோடு சேர்ந்து எட்டு நாள் விடுமுறை. பாட்டி வீட்டு மாடியில் பம்பளிமாஸ், அவித்த சேப்பங்கிழங்கு, உப்பு முட்டைக் கரு வைத்த தாமரை விதை நிலாப் பணியாரம். அரைத் துண்டே திகட்டும், ஆனாலும் கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 7

“பதினைந்தாம் நாள் நிலா பதினாறில்தான் முழுசாகும்” என்று பாட்டி நேற்று சொன்னார். பௌர்ணமி இன்று பகல் 11.47க்கு. இன்றும் மாடிக்குப் போக வேண்டும். அடுத்த ஆண்டு மிகை மாதம் கிடையாது, விழா செப்டம்பர் 25க்கே வந்துவிடும். ஊருக்குப் போகும் டிக்கெட்டை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.