சவுடு குழிக்கு வேலி வர நான் அலைந்தது

நான் இருப்பது திருவொற்றியூரில், அம்மா வீடு மீஞ்சூர் தாண்டி. அங்கே எங்கள் வயலை ஒட்டின பட்டா நிலத்தில் சவுடு மண் எடுத்தார்கள், வடசென்னையில் பள்ளமான மனைகளை மேடாக்க ராத்திரி பகலாக லாரி ஓடியது. குத்தகை முடிந்ததும் குழியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்து தண்ணீர் நின்றுவிட்டது, கரை சுவர் மாதிரி செங்குத்து, பிள்ளைகள் ஆடு மேய்க்கிற இடம். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும்.

'குழி ஆபத்தாக இருக்கிறது, மூடுங்கள்' என்று மனு கொடுத்தேன். நாலு மாதம், பதிலே இல்லை.

தெரிந்த வக்கீல் அண்ணன்தான் வழி சொன்னார். "5 ஹெக்டேருக்குக் கீழே இருக்கிற குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்மா, 2012-லயே தீபக் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. முதல்ல அந்த அனுமதிக் கடிதத்தை வாங்கு."

வெள்ளைத்தாளில் தகவல் உரிமை மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். சர்வே எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள். 'ஏன் மூடவில்லை' என்றெல்லாம் கேட்காமல், ஆவண நகல் மட்டும் கேளுங்கள்: அனுமதிக் கடிதம், சுரங்கத் திட்டம் (எவ்வளவு, எப்படித் தோண்டுவார்கள் என்ற திட்டம்), குத்தகைதாரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கை. 30 நாளில் பதில் வரவில்லை, மேல்முறையீடு செய்த பிறகுதான் கவர் வந்தது.

கடிதத்தில் எல்லாமே இருந்தது. ஆழம் 2 மீட்டர், மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைக்க வேண்டும், கரையைச் சரிவாக்க வேண்டும், சுற்றி வேலி. தம்பியும் நானும் கிணற்றுக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கினோம். ஐந்தாவது முடிச்சும் தண்ணீருக்குள் போனது. கயிறு கையில் வழுக்க வழுக்க அவன் போட்டோ எடுத்தான்.

அந்தப் போட்டோவையும் நிபந்தனை எண்களையும் வைத்து, திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் புது மனு கொடுத்து ரசீது வாங்கினேன். மூன்று வாரத்தில் ஆய்வுக்கு வந்தார்கள்! எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று எண்ணோடு எழுதியிருந்ததால் யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அப்புறம் ஜேசிபி வந்தது. மேல்மண் முன்பே லாரியில் போய்விட்டதால் குழியை முழுசாக மூட மண் இல்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று பக்கம் கரையைச் சரித்து, கல் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார்கள். வாய்க்கால் பக்கம் மட்டும் பாக்கி, அதற்கு அடுத்த மனுவை எழுதி வைத்திருக்கிறேன்.